காலநிலை மாநாட்டுக்குப் பார்வையாளராகப் போக: தருமபுரி, கிருஷ்ணகிரியிலிருந்து எந்த வழி யாருக்கு?

நவம்பரில் கூடும் ஐ.நா. காலநிலை மாநாட்டுக்கு அக்டோபரில் வழி விசாரிப்பவர்கள் உண்டு. அதற்குள் பெயர் கொடுக்கும் காலம் முடிந்திருக்கும். ‘காப்’ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் இந்த மாநாட்டில் தனி ஆளாகப் பதிய முடியாது. நுழைவுக் கட்டணம் என்று ஒன்றும் கிடையாது. ஐ.நா. காலநிலைச் செயலகம் ஏற்றுக்கொண்ட ஓர் அமைப்பு, உங்கள் பெயரைச் செயலகத்தின் இணையப் பதிவில் ஏற்றினால்தான் கழுத்தில் அட்டை விழும். “இவ்வளவு பணம் கட்டுங்கள், காப் பிரதிநிதி ஆக்குகிறோம்” என்று வரும் அழைப்புகளை நம்பவே வேண்டாம். செயலகம் அட்டைக்குப் பணம் வாங்குவதில்லை. அதை விற்கும் உரிமை யாருக்கும் இல்லை.

நம் இரண்டு மாவட்டங்களுக்கும் அங்கே சொல்ல விஷயம் இருக்கிறது. 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரை கடந்து உள்ளே வந்தபோது ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 செ.மீ. மழை கொட்டியது, அரூரில் 33 செ.மீ. ஆண்டு முழுவதும் சேர்த்தே ஏறத்தாழ 85 செ.மீ. பெய்கிற மண் இது. மழை பொய்த்த ஆண்டுகளில் கேழ்வரகும் சாமையும் கருகுகின்றன. போர்வெல் தண்ணீரில் ஃப்ளோரைடு பழைய தொல்லை. தகவமைப்பு, இழப்பும் சேதமும், வேளாண்மை என்று இவை ஒவ்வொன்றுக்கும் மாநாட்டில் தனித்தனியே பேச்சுவார்த்தை நடக்கிறது.

ஆனால் அங்கிருந்து நிதி கொண்டுவரலாம் என்ற எண்ணத்தோடு யாரும் கிளம்பக் கூடாது. இழப்பு, சேத நிதியத்தை அமைக்க 2022-ல் எகிப்தின் ஷார்ம் எல் ஷேக்கில் நடந்த மாநாட்டில் முடிவானது. 2023-ல் துபாயில் மாநாட்டின் முதல் நாளே அது நடைமுறைக்கு வந்தது. அதெல்லாம் அரசுகள் வழியாகப் போகும் பணம். ஊத்தங்கரை ஏரிக்கரையைக் கட்ட ஒரு பார்வையாளர் அங்கே மனு கொடுக்க முடியாது.

பார்வையாளர் எங்கே உட்காரலாம்

வழிகளை ஒப்பிடுவதற்கு முன் இது தெரிய வேண்டும். மாநாட்டு வளாகம் இரண்டு பகுதி. ஐ.நா. நடத்தும் நீல மண்டலத்தில்தான் பேச்சுவார்த்தை. மாநாட்டை நடத்தும் நாடு அமைக்கும் பச்சை மண்டலத்தில் கண்காட்சியும் பொது நிகழ்ச்சிகளும். நீல மண்டலத்துக்குள் போனாலும் எல்லா அறையும் திறந்திருக்காது.

முழுக் கூட்டங்களில் உட்காரலாம். ஒரு தலைப்பைப் பேச அமைக்கும் தொடர்புக் குழுக்களின் கூட்டங்களிலும், வந்திருக்கும் நாடுகளில் மூன்றில் ஒரு பங்கு எதிர்க்காதவரை உட்காரலாம். 1998-ல் எடுத்த முடிவு அது. உண்மையில் வரிக்கு வரி சண்டை நடப்பது ‘முறைசாரா ஆலோசனை’ எனப்படும் சிறு கூட்டங்களில். அவற்றில் முதலும் கடைசியுமான அமர்வைப் பார்வையாளருக்குத் திறந்து வைக்கலாம் என்று 2011-ல் ஜெர்மனியின் பான் நகரத்தில் நடந்த கூட்டத்தில் பரிந்துரை வந்தது. நடுவில் உள்ளவை அந்தந்த அறையைப் பொறுத்தது. அறைக்குள் ஒரு திரை. அதில் வரைவு வாசகம். ஒப்புக்கொள்ளாத சொற்களைச் சுற்றிச் சதுர அடைப்புக்குறி. நாடுகள் மேசையைச் சுற்றி, பார்வையாளர்கள் சுவரோர நாற்காலியில். மைக் கிடையாது, படம் எடுக்கக் கூடாது, ஒலிப்பதிவு கூடாது. ஏதாவது ஒரு நாடு மூடிய கூட்டம் கேட்டால் நாற்காலியை விட்டு எழுந்து வெளியே வர வேண்டியதுதான்.

இந்தியப் பிரதிநிதி அரை நாள் வாயே திறக்காமல் இருப்பதைப் பார்த்து ஏமாந்துவிட வேண்டாம். இந்தியா பெரும்பாலும் வளரும் நாடுகளின் பெரிய அணியான ஜி77-சீனாவிலும், ஒத்த கருத்துள்ள வளரும் நாடுகளின் அணியிலும் சேர்ந்தே பேசும். அந்த அணிகளின் ஒருங்கிணைப்பாளர் யார் என்று தெரிந்துவைத்திருப்பவருக்குத்தான் நடைபாதையில் பேச ஆள் கிடைக்கும்.

பார்வையாளர் அமைப்புகள் ஒன்பது பிரிவுகளாகச் சேர்ந்து இயங்குகின்றன: சுற்றுச்சூழல், தொழில் வணிகம், விவசாயிகள், பழங்குடிகள், உள்ளாட்சிகள், ஆய்வு நிறுவனங்கள், தொழிற்சங்கங்கள், பெண்கள், இளைஞர்கள். முழுக் கூட்டத்தில் ஒரு பிரிவுக்கு ஒன்றிரண்டு நிமிடம் பேசக் கொடுப்பார்கள். அந்த வாசகம் முன்கூட்டியே பிரிவுக்குள் பேசி முடிவாகிவிடும். எனவே மேடையேறிப் பேசும் கனவை விட, காலையில் நடக்கும் பிரிவுக் கூட்டத்தில் “ஒரே நாளில் அரை மீட்டர் மழை” என்ற வரியை வாசகத்துக்குள் சேர்க்க வைப்பது நடக்கக்கூடிய காரியம்.

முதல் வழி: சொந்த அமைப்புக்கு ஏற்பு வாங்குவது

ஐந்தாறு ஆண்டு தொடர்ந்து போகும் எண்ணமும் அதற்கு ஆளும் இருந்தால் மட்டும் இது சரி. பதிவு பெற்ற அறக்கட்டளை, சங்கம், கல்லூரி போன்றவை விண்ணப்பிக்கலாம். கேட்பவை: பதிவுச் சான்று, விதிமுறைகள், லாப நோக்கமற்றது என்பதற்கான ஆதாரம் (நம் ஊரில் வருமான வரித்துறையின் 12ஏபி பதிவு உதவும்), நிர்வாகிகள் பட்டியல், ஆண்டறிக்கை, வரவு செலவுக் கணக்கு, காலநிலைத் துறையில் வேலை செய்ததற்கான சான்றுகள்.

சறுக்கும் இடங்கள் இரண்டு. சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்த அறக்கட்டளைப் பத்திரம் தமிழில் இருக்கும். ஆங்கில மொழிபெயர்ப்பு இல்லாமல் அனுப்பினால் திரும்பக் கேட்டுக் காலம் ஓடும். இரண்டாவது, ஆண்டறிக்கை. ரத்த தானம், மருத்துவ முகாம், மரம் நடுதல் என்று பொதுவாக எழுதியிருந்தால் ‘இந்தத் துறையில் தகுதி உடையது’ என்ற நிபந்தனை நிற்காது. சாமை விதை வங்கி நடத்துகிறீர்கள் என்றால் எத்தனை கிராமம், எத்தனை ஏக்கர், வறட்சி ஆண்டில் விளைச்சல் எப்படி என்று எழுத வேண்டும். அந்த எண்கள் ஓராண்டு முன்பிருந்தே பதிவேட்டில் ஏறியிருந்தால்தான் எழுதவும் முடியும்.

விண்ணப்பக் கெடு ஒரு காப் மாநாட்டுக்கு ஓராண்டுக்கும் மேல் முன்னதாகவே முடியும். செயலகம் ஆராய்ந்து தற்காலிக ஏற்பு கொடுக்கும். முறையான ஏற்பு மாநாட்டிலேயே. அதற்குப் பிறகும் அமைப்புக்குக் கிடைக்கும் இடம் கொஞ்சம்தான். சிறிய, புதிய அமைப்பு ஒன்றிரண்டுக்கு மேல் எதிர்பார்க்கக் கூடாது. அமைப்பின் தொடர்பாளர் என்று ஒருவரைக் குறித்துக் கொடுக்க வேண்டும். எல்லா மின்னஞ்சலும் அவருக்கே போகும். அவர் வேலையை விட்டுப் போய், பழைய முகவரியிலேயே அறிவிப்புகள் தேங்கினால், வாங்கிய ஏற்பு பயனில்லாமல் கிடக்கும். ஆகவே தனி ஆளின் முகவரியைக் கொடுக்காமல் அமைப்பின் பொது மின்னஞ்சலைக் கொடுங்கள்.

இரண்டாம் வழி: ஏற்பு பெற்ற அமைப்பிடம் ஓர் இடம் கேட்பது

முதல் முறை போகும் பெரும்பாலோருக்கு இதுதான் வழி. இந்தியாவில் ஏற்கெனவே ஏற்பு பெற்ற பல்கலைக்கழகங்களும் ஆய்வு நிறுவனங்களும் தொண்டு நிறுவனங்களும் பல உண்டு. பட்டியல் செயலகத்தின் இணையதளத்தில் எல்லோரும் பார்க்கும்படி இருக்கிறது. எந்தப் பிரிவு என்று முதலில் முடிவு செய்து, அதற்குள் தேட வேண்டும். பாலக்கோடு உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்காரர் விவசாயிகள் பிரிவிலும், ஓசூர் தொழிற்சாலைத் தொழிலாளர் தலைவர் தொழிற்சங்கப் பிரிவிலும், பர்கூர் பொறியியல் மாணவர் இளைஞர் பிரிவிலோ ஆய்வுப் பிரிவிலோ தேடலாம். இளைஞர் பிரிவில் 35 வயது வரை தனி ஆளாகவும் உறுப்பினர் ஆகலாம். உறுப்பினர் ஆனதால் அட்டை உறுதி என்று மட்டும் எண்ண வேண்டாம். கேட்போர் அதிகம், இடம் குறைவு.

பலவீனமும் இருக்கிறது. இடம் அவர்களுடையது. கடைசி நேரத்தில் தங்கள் ஆளுக்கே வேண்டும் என்று எடுத்துக்கொள்ளலாம். அட்டையில் அவர்கள் அமைப்பின் பெயர்தான் இருக்கும். அங்கே நீங்கள் பேசுவதும் செய்வதும் அவர்கள் கணக்கில் சேரும். வளாகத்துக்குள் அனுமதி வாங்காமல் பதாகை பிடித்தால் அட்டையைப் பறிப்பார்கள், இடம் தந்த அமைப்புக்கும் அது கெட்ட பெயர். அதனால் என்ன பேசலாம், யார் பெயரில் பேசலாம் என்பதைப் போகும் முன்பே எழுத்தில் முடிவு செய்துகொள்வது இருவருக்கும் நல்லது.

அரசுக் குழுவோடு சேர்ந்து போகும் அட்டையும் உண்டு. மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் வழியாக வருவது அது. மாவட்ட அளவில் முயன்று பெறக்கூடிய வழியாக அதைக் கணக்கில் வைக்க வேண்டாம்.

ஜூன் பானா, நவம்பர் காப்பா

செய்தித்தாளில் வருவது நவம்பர் மாநாடு மட்டும். ஆனால் ஒவ்வோர் ஆண்டும் ஜூனில், செயலகம் இருக்கும் ஜெர்மனியின் பான் நகரத்தில், இரண்டு துணை அமைப்புகளின் கூட்டம் பத்துப் பன்னிரண்டு நாள் நடக்கிறது. நவம்பரில் அமைச்சர்கள் முன்னால் வரும் வாசகங்களுக்கு இங்கேதான் கரு உருவாகிறது. முதல் முறை போகிறவருக்குப் பான் என்பதே எங்கள் உறுதியான பரிந்துரை.

முதல் காரணம் கூட்டம். துபாய் மாநாட்டுக்கு 80,000 பேருக்கு மேல் வந்தார்கள். பானில் சில ஆயிரம் பேர்தான். ஒரே கட்டடத் தொகுதி; காலையில் பார்த்த பேச்சாளரை மதியம் காபி வரிசையில் பார்க்கலாம். காப் மாநாட்டின் இரண்டாம் வாரத்தில் அமைச்சர்கள் வந்ததும் பேச்சு மூடிய அறைகளுக்குப் போய்விடும். 2009 கோபன்ஹேகனில் 15,000 பேர் கொள்ளும் அரங்கத்துக்கு அதைப் போலப் பல மடங்கு பேர் பதிந்திருந்ததால், இரண்டாம் வாரத்தில் பார்வையாளர்கள் பெரும்பாலோர் அட்டை இருந்தும் வெளியே நின்றார்கள். காப்தான் வேண்டும் என்றால் முதல் வாரத்துக்குப் போங்கள்.

இரண்டாவது, தங்குமிடம். 2025-ல் பிரேசிலின் பெலெம் நகரத்தில் அறை வாடகை பல மடங்கு ஏறி, பிரேசில் அரசு இரண்டு சொகுசுக் கப்பல்களைக் கொண்டுவந்து நிறுத்தி அறை கொடுத்தது. பானில் அறை கிடைக்காவிட்டால் கொலோனில் தங்கி, அரை மணி நேர ரயிலில் வந்து போகலாம்.

பெங்களூருவிலிருந்து ஃபிராங்க்ஃபர்ட்டுக்கு நேரடி விமானம் உண்டு. ஃபிராங்க்ஃபர்ட் விமான நிலைய ரயிலடியிலேயே விரைவு ரயில் ஏறினால் 40 நிமிடத்தில் ஸீக்பூர்க். அங்கிருந்து 66-ஆம் எண் டிராம் மாநாட்டு மையத்துக்கு அருகிலுள்ள ஹாய்ஸ்அல்லே நிறுத்தம் வரை போகும். கிருஷ்ணகிரியிலிருந்து பெங்களூரு 90 கி.மீ.தான் என்று கணக்குப் போட்டு நேரத்தை இறுக்க வேண்டாம். தேவனஹள்ளி விமான நிலையம் நகரத்துக்கு வடக்கே. ஓசூர் சாலை நெரிசலைத் தாண்டி நகரம் முழுக்கக் கடக்க வேண்டும். மாலை விமானம் என்றால் கிருஷ்ணகிரியில் காலையிலேயே கிளம்பிவிடுங்கள்.

பத்து நாளுக்குத் தோராயச் செலவு: விமானம் 60,000 முதல் 90,000 ரூபாய், தங்குவதற்கு ஒரு லட்சம், சாப்பாடு, டிராமுக்கு 30,000, விசா, காப்பீட்டுக்கு 15,000. இரண்டு முதல் இரண்டரை லட்சம் வைத்துக்கொள்ளலாம். காப் மாநாட்டில் தங்கும் செலவு மட்டும் இரண்டு மூன்று மடங்கு ஆகலாம். செயலகம் தொண்டு நிறுவனப் பார்வையாளர்களுக்குப் பயணச் செலவு தருவதில்லை.

பானுக்கு எதிராகச் சொல்ல வேண்டியது ஒன்று: ஜூன் மாதம் மாங்காய்க் காலம். பெங்களூரா வெட்டு நடந்து, கூழ் ஆலை வாசலில் லாரிகள் நிற்கிற நேரத்தில் மா விவசாயி ஊரை விட்டுப் போக முடியாது. மானாவாரிக் கேழ்வரகுக்காரருக்கு அறுவடை நவம்பர், டிசம்பர். அவருக்கு ஜூன் வசதி. யாரை அனுப்புவது என்பதை இந்தப் பயிர்க் கணக்கை வைத்தே முடிவு செய்யலாம்.

பச்சை மண்டலமும் வீட்டுத் திரையும்

பச்சை மண்டலத்துக்கு நீல அட்டை தேவையில்லை. மாநாட்டை நடத்தும் நாட்டின் பதிவு போதும். அதற்கென்றே கடல் கடந்து போவது, எங்கள் கருத்தில், வீண் செலவு. கண்காட்சி அரங்குகளைப் பார்த்துவிட்டுத் திரும்பலாம், பேச்சுவார்த்தையின் வாசனைகூட வராது. மாநாட்டுக்கு முன் நடக்கும் இளைஞர் மாநாடு வேறு கதை: விண்ணப்பித்துத் தேர்வாகும் மாணவருக்கு அது நல்ல பயிற்சி.

வீட்டிலிருந்து பார்ப்பதைக் குறைவாக எடைபோடக் கூடாது. முழுக் கூட்டங்கள், செய்தியாளர் சந்திப்புகள், துணை நிகழ்ச்சிகள் பலவும் பதிவு இல்லாமலே இணையத்தில் நேரலையாக வரும். பானில் காலை 10 மணி என்றால் நமக்குப் பகல் 1.30, 2026 நவம்பரில் மாநாடு நடக்கும் துருக்கியின் அந்தாலியாவில் 10 மணி என்றால் நமக்கு 12.30. முறைசாரா அறைகள் நேரலையில் வராது. அதற்கு ஈடாக எர்த் நெகோஷியேஷன்ஸ் புல்லட்டின், தேர்ட் வேர்ல்ட் நெட்வொர்க் இரண்டும் அறைக்குள் நடந்ததை அன்றாடம் எழுதுகின்றன. ஏற்பு பெற்ற அமைப்புகள் எழுத்து மூலமும் கருத்து அனுப்பலாம். 2022-ல் நான்கு ஆண்டுக்கென்று தொடங்கிய வேளாண்மை, உணவுப் பாதுகாப்புக் கூட்டுப்பணி போன்றவற்றில் இப்படி வந்த கருத்துகள் செயலகத் தளத்திலேயே ஏறியிருக்கின்றன. சித்தேரி மலைச் சாமையைப் பற்றி நாலு பக்கம் ஒழுங்காக எழுதி, அப்படிப்பட்ட ஓர் அமைப்பின் வழியாக அனுப்ப விமானம் ஏற வேண்டியதில்லை.

எந்த வழியானாலும் மாட்டிக்கொள்ளும் இடங்கள்

*பெயர்.* நம்மவர்களுக்கு இதுதான் பெரிய சிக்கல். ஆதாரில் முன்னெழுத்து, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் விரித்து, கல்விச் சான்றில் வேறு வரிசை. மாநாட்டுப் பதிவு, விசா, விமான டிக்கெட் மூன்றிலும் பாஸ்போர்ட்டில் உள்ளபடியே, எழுத்து பிசகாமல் இருக்க வேண்டும். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர்க் கட்டம் காலியாக இருந்தால், பயணத்துக்கு ஆறு மாதம் முன்பே மறுவெளியீட்டுக்கு விண்ணப்பித்துச் சரிசெய்துகொள்ளுங்கள். ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டுக்கு ஐக்கிய அரபு அமீரகம் 2022 முதல் கெடுபிடி செய்கிறது.

*விசா.* பானுக்கு ஷெங்கன் விசா. கட்டணம் 90 யூரோ, விண்ணப்ப மையக் கட்டணம் தனி. 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். ஏப்ரல், மே மாதங்களில் சுற்றுலாக்காரர்கள் கூட்டத்தில் முன்பதிவு நேரம் கிடைப்பதே குதிரைக்கொம்பு. பெயர் உறுதியானதும் செயலகப் பதிவிலிருந்து வரும் ஒப்புகைக் கடிதம்தான் விசாவுக்கு முக்கிய ஆவணம். நுழைவு வாசலில் அட்டை வாங்கவும் அதோடு பாஸ்போர்ட்டையும் காட்ட வேண்டும்.

*மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசி.* பிரேசில் போனவர்களுக்கு இது தேவைப்பட்டது. 2027 மாநாடு எத்தியோப்பியாவின் அடிஸ் அபாபாவில் என்பதால் மறுபடியும் தேவைப்படும். சான்று இல்லாமல் அங்கிருந்து இந்தியா திரும்பினால் தனிமைப்படுத்துவார்கள். ஊசி போட்டுப் பத்து நாள் கழித்துத்தான் சான்று செல்லும். எல்லா மருத்துவமனையிலும் போட மாட்டார்கள். சென்னை கிண்டி கிங் இன்ஸ்டிடியூட் போன்ற அங்கீகரிக்கப்பட்ட மையங்களில் மட்டும்.

*அயல்நாட்டுச் செலவு.* வெளிநாட்டு அமைப்பு ஒன்று டிக்கெட்டும் அறையும் கொடுத்தால், அரசு ஊழியர்களும் தேர்ந்தெடுக்கப்பட்ட பிரதிநிதிகளும் உள்துறை அமைச்சகத்திடம் எஃப்சி-2 படிவத்தில் முன்அனுமதி வாங்க வேண்டும். ஊராட்சி உறுப்பினரும் இதில் அடக்கம் என்பது பலருக்குத் தெரியாது. பயணத்துக்கு இரண்டு வாரம் முன்பாவது விண்ணப்பம் போய்ச் சேர வேண்டும். அதே உதவி அமைப்பின் வங்கிக் கணக்குக்குப் பணமாக வந்தால், அயல்நாட்டு நன்கொடைச் சட்டப் பதிவு இல்லாமல் தொடவே கூடாது.

யாருக்கு எது

உழவர் அமைப்பு, சிறு தொண்டு நிறுவனம்: இந்த ஆண்டு வீட்டிலிருந்து வேளாண்மை, தகவமைப்பு ஆகிய இரண்டில் ஒன்றை மட்டும் தொடர்ந்து பாருங்கள், அடுத்த ஜூனில் ஒருவரை இரண்டாம் வழியில் பானுக்கு அனுப்புங்கள். திரும்பி வந்தவர் மறுமுறையும் போகத் தயாராக இருந்தால் மட்டும் சொந்த ஏற்புக்கு விண்ணப்பியுங்கள். ஒரு முறை போய் நிறுத்துவதற்கு இந்தப் பணத்தைக் கரைக்க வேண்டாம். மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ள மாவட்டக் காலநிலை மாற்ற இயக்கத்தில் வேலை செய்ய அதே தொகை நெடுநாள் வரும். ஆய்வு மாணவருக்குப் பான். ஓசூர் தொழிற்சங்கத்தாருக்கு மட்டும் நேராகக் காப் மாநாட்டையே சொல்வோம்: நியாயமான நிலைமாற்றம் (தொழிலாளர்கள் பாதிக்கப்படாமல் பசுமைத் தொழிலுக்கு மாறுவது) பற்றிய பேச்சில் தொழிற்சங்கப் பிரிவு நன்றாக ஒருங்கிணைந்து வேலை செய்கிறது, புதியவரைக் கைப்பிடித்து அழைத்துப் போக ஆள் இருக்கிறது.

இடம் கேட்கும் கடிதத்தை டிசம்பரிலோ ஜனவரியிலோ அனுப்பிவிடுங்கள். ஒரு பக்கம் போதும். எந்தப் பேச்சுவார்த்தைத் தலைப்பு, அதில் எந்தக் கேள்வி, கையில் என்ன தரவு, செலவை யார் ஏற்கிறார்கள், திரும்பி வந்து எந்தத் தேதிக்குள் அறிக்கை தருவீர்கள் என்ற ஐந்தும் அதில் இருக்க வேண்டும். தரவுக்குப் பையூர் மண்டல ஆராய்ச்சி நிலையத்தையும் பாப்பாரப்பட்டி வேளாண் அறிவியல் நிலையத்தையும் அணுகி, உங்கள் வட்டாரத்தின் மழை, விளைச்சல் கணக்கை முன்பே கேட்டு வாங்குங்கள். மழையை மில்லிமீட்டரிலும் பரப்பை ஹெக்டேரிலும் எழுதுங்கள். ஏக்கரும் குண்டாவும் பானில் யாருக்கும் பிடிபடாது.